16 வரிக்கு 13 எரர்: எனக்கு சி வராதா?

கடிதம் எழுதியவர் 39 வயதுப் பெண். வணிகவியல் படித்து, கணக்கு எழுதும் வேலையில் சில ஆண்டுகள் இருந்து, குழந்தை பிறந்த பிறகு வேலையை விட்டவர். இரண்டு மாதமாக மாலை நேர வகுப்பில் சி மொழி கற்கிறார். ஐந்து மதிப்பெண்களை வாங்கிச் சராசரி சொல்லும் சின்னப் புரோகிராம் ஒன்றை எழுதியிருக்கிறார். மொத்தமே 16 வரி. வகுப்புக் கணினியில் கம்பைல் செய்தபோது, அதாவது இயந்திர மொழிக்கு மாற்றச் சொன்னபோது, 13 எரர். அதே ஃபைலை வீட்டுக் கணினியில் போட்டால் எண்ணிக்கை மாறுகிறது. "ஏழாவது வரியில் எரர் என்கிறது. அந்த வரியை எழுத்து எழுத்தாகப் பார்த்துவிட்டேன், ஒரு தவறும் இல்லை. ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று முளைக்கிறது" என்கிறார்.

இன்னொரு புரோகிராம் வகுப்பில் வெறும் வார்னிங்கோடு ஓடியது, வீட்டில் புதிதாக நிறுவிய கம்பைலர் அதை ஏற்கவே மறுக்கிறது. கூடப் படிப்பவர் ஒருவர், "வார்னிங்கை எல்லாம் கண்டுகொள்ளாதே" என்கிறாராம். பழைய கம்பைலருக்குப் போய்விடலாமா, பைத்தானுக்கு மாறிவிடலாமா, ஏஐ உதவியாளரிடம் கொடுத்துத் திருத்தி வாங்கிக்கொள்ளலாமா என்று மூன்று வழி கேட்கிறார். கடைசி வரி: "கணிதத்தில் கெட்டிக்காரர்களுக்குத்தான் இது வரும் என்கிறார்கள். உண்மையா?" புரோகிராமையும் எரர் திரையையும் இணைத்திருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சின்னது. உங்கள் புரோகிராமுக்குத் தேவையான கணிதம் கூட்டலும் வகுத்தலும்தான். ஆனால் நீங்கள் ஏற்கெனவே கற்ற ஒன்று இதற்கு நேரடியாக உதவும்: பற்றும் வரவும் சமமா என்று பார்க்கும் டிரையல் பேலன்ஸ். அது பொருந்தாதபோது அடிக்கோட்டில்தான் வித்தியாசம் தெரியும், தவறான பதிவோ எங்கோ நாற்பது பக்கம் முன்னால் இருக்கும். இன்னொன்றும் உங்களுக்குத் தெரியும். டிரையல் பேலன்ஸ் பொருந்திவிட்டது என்பதால் கணக்கு சரி என்று ஆகிவிடாது. வாடகைச் செலவைச் சம்பளக் கணக்கில் எழுதியிருந்தாலும் அது அழகாகப் பொருந்தும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

உங்கள் புரோகிராமை அப்படியே எடுத்துப் பார்த்தேன். அதில் எட்டுத் தவறுகள் இருக்கின்றன. பயந்துவிடாதீர்கள். கம்பைலர் 13 முறை கத்தியது அவற்றில் மூன்றுக்காகத்தான். நான்காவதைச் சொல்லும் இடத்துக்கு அது இன்னும் வரவேயில்லை. மீதி நான்கு அதன் கண்ணில் தவறே அல்ல. நீங்கள் தூக்கம் கெட்டது அந்த முதல் மூன்றுக்காக. எனக்குக் கவலை தருவது கடைசி நான்கு.

13 எங்கிருந்து வந்தது

ஆறாவது வரியில் ஆவ்ரேஜ் என்ற ஃப்ளோட் வேரியபிளை, அதாவது தசம எண்ணை வைக்கும் பெயரிட்ட இடத்தை, அறிவித்திருக்கிறீர்கள். முடிவில் செமிகோலன் இல்லை. ஏழாவது வரி, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஃபார் லூப்பில் தொடங்குகிறது. சி மொழியில் வரி முடிவது ஒரு பொருட்டே இல்லை. வரியை உடைப்பது நம் கண்ணின் வசதிக்கு. ஆவ்ரேஜ் என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு காற்புள்ளி வரலாம், சமக்குறி வரலாம், செமிகோலன் வரலாம் என்று காத்துக்கொண்டே கம்பைலர் அடுத்த வரிக்குப் போகிறது. அங்கே 'ஃபார்' நிற்கிறது. அதுவரை எழுதியதில் தவறு என்று அதனால் சொல்ல முடியாது, ஏனென்றால் செமிகோலன் அடுத்த வரியில் இருந்திருந்தாலும் சரிதான். 'ஃபார்' வந்த பிறகுதான் விஷயம் கெட்டது. ஆகவே ஏழாவது வரியைக் காட்டுகிறது. தடுக்கிய இடம் ஒன்று, விழுந்த இடம் ஒன்று. கம்பைலர் காட்டுவது விழுந்த இடத்தை. செய்தியில் 'பிஃபோர்' என்ற சொல் இருந்தால், அந்த இடத்திலிருந்து பின்னோக்கிப் பாருங்கள்.

விழுந்தபின் அது எழுந்து தொடர முயல்கிறது. மிச்ச ஃபைலிலும் என்னென்ன தவறு இருக்கிறது என்று ஒரே தடவையில் சொல்லிவிடும் நல்லெண்ணம் அதற்கு. அதற்காக அடுத்த செமிகோலன் வரை தாண்டிக் குதிக்கிறது. உங்கள் ஃபைலில் அடுத்த செமிகோலன் எங்கே இருக்கிறது? ஃபார் லூப்பின் அடைப்புக்குறிக்கு உள்ளேயே, 'ஐ சமம் 0' என்பதற்குப் பின்னால். அதைத் தாண்டிய பிறகு மிஞ்சுவது அந்த லூப் வரியின் மீதிப் பாதி: ஒரு ஒப்பீடு, ஐ-யைக் கூட்டும் இரண்டு பிளஸ் குறி, திறந்ததே இல்லாமல் மூடும் ஓர் அடைப்புக்குறி. அந்த மூடும் குறிக்காக இரண்டு எரர். ஆவ்ரேஜ் வேரியபிளின் அறிவிப்பும் இந்தக் குழப்பத்தில் பதிவாகாமல் போனது, அதனால் 13ஆவது வரியில் 'ஆவ்ரேஜ் என்று யாரையும் எனக்குத் தெரியாது' என்று இன்னொன்று. முதல் எரரையும் சேர்த்து நான்கு. விட்டுப்போனது ஒரு செமிகோலன்.

ஒன்பதாவது வரி இன்னும் வேடிக்கை. அந்த ஒரு வரியை மட்டும் பாடக் குறிப்பிலிருந்து ஒட்டியிருக்கிறீர்கள் என்று அடித்துச் சொல்வேன். மற்ற வரிகளில் மேற்கோள்குறி நேராக இருக்கிறது, இதில் மட்டும் வளைந்திருக்கிறது. வேர்டு போன்ற மென்பொருள்கள் அழகுக்காக வளைத்துவிடும். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கம்பைலர் எதிர்பார்ப்பதோ எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி வரிசையில் 34 என்ற எண்ணுள்ள நேர்க்குறியை மட்டும். வளைந்த குறி யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. உங்கள் திரையில் 'ஸ்ட்ரே' என்ற சொல்லோடு 342, 200, 234 என்று வந்த எண்கள் அந்த மூன்று பைட்டுகள்தான், எட்டடிமான எண்களில். மூடும் குறிக்கு 342, 200, 235. ஆக ஆறு எரர். குறிகளை இழந்து அம்மணமாக நின்ற 'மார்க்' என்ற சொல்லை வேரியபிள் என்று நினைத்து ஒன்று, அதற்குப் பின்னாலிருந்த முக்காற்புள்ளிக்கு ஒன்று. மொத்தம் எட்டு. வரியை அழித்துவிட்டு உங்கள் கையால் திரும்பத் தட்டினால் எட்டும் ஒன்றாகப் போய்விடும். ஒட்டிய வரியில் எத்தனை நேரம் முறைத்துப் பார்த்தாலும் இது தெரியாது. எனக்கும் ஆரம்பத்தில் ஒரு முழு மாலை இப்படிப் போயிருக்கிறது.

நான்கும் எட்டும் பன்னிரண்டு. பதிமூன்றாவது, 'டோட்டல்' என்ற பெயரில் ஓர் எழுத்து மாறிப்போனது. அது நேர்மையான எரர், காட்டிய வரியிலேயே இருக்கிறது. திரையில் ஒரு 'நோட்'டும் வந்திருக்கும்: அறிவிக்காத பெயரை ஒரு ஃபங்ஷனுக்குள் (பெயர் சூட்டிய ஒரு தொகுதிக் கட்டளைகளுக்குள்) ஒரு முறைதான் சொல்வேன் என்று. அதாவது அதே எழுத்துப்பிழையை ஐந்து இடத்தில் செய்திருந்தாலும் ஒன்றுதான் எண்ணப்படும். ஐந்து தவறுக்கு ஒரு எரர், ஒரு தவறுக்கு எட்டு எரர். எரர்களின் எண்ணிக்கைக்கும் தவறுகளின் எண்ணிக்கைக்கும் சம்பந்தமில்லை என்பது இதற்குள் புரிந்திருக்கும். வீட்டுக் கம்பைலரில் எண் மாறியதும் இதனால்தான். விழுந்து எழும் விதம் பதிப்புக்குப் பதிப்பு வேறு.

எனவே பழக்கம் ஒன்றே ஒன்று: திரையை மேலே தள்ளி முதல் எரரை மட்டும் படியுங்கள், அதைத் திருத்துங்கள், சேமியுங்கள், திரும்பக் கம்பைல் செய்யுங்கள். கடைசியில் இருப்பது கண்ணுக்கு முன்னால் நிற்கும், அதைத் தொடாதீர்கள்.

திருத்தினால் புதிது முளைப்பது ஏன்

நீங்கள் பின்னோக்கிப் போகிறீர்கள் என்று நினைக்கிறீர்கள். இல்லை, முன்னேறியிருக்கிறீர்கள். கம்பைல் என்று நாம் ஒரே சொல்லில் சொன்னாலும் உள்ளே படிகள் உண்டு. ஃபங்ஷன்களின் அறிமுகம் அடங்கிய ஹெடர் ஃபைல்களை உள்ளே இழுப்பது ஒன்று. இலக்கணம் பார்த்து இயந்திர மொழிக்கு மாற்றுவது அடுத்தது. கடைசியில் லிங்க்கர் வந்து, நீங்கள் கூப்பிட்ட ஃபங்ஷன்கள் உண்மையிலேயே எங்கே இருக்கின்றன என்று தேடி இணைக்கும். இலக்கணத்தில் தவறு இருக்கும்வரை லிங்க்கருக்கு வேலையே வராது.

உங்கள் 14ஆவது வரியில், திரையில் எழுதும் ஃபங்ஷனான பிரிண்ட்எஃப்-இன் முதல் எழுத்து பெரிய எழுத்தாக இருக்கிறது. சி-க்கு அது வேறு பெயர். 13ஐயும் தீர்த்த பிறகு வகுப்புக் கணினி ஒரு வார்னிங் மட்டும் கொடுத்துவிட்டு, 'அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்' என்று லிங்க்கர் வாயிலாகச் சொல்லும். இந்தச் செய்தியைப் பார்த்தால் செமிகோலனைத் தேடாதீர்கள். பெயரைப் பாருங்கள். புரோகிராம் தொடங்கும் ஃபங்ஷனான மெயின் என்பதில் இரண்டு எழுத்து இடம் மாறினாலும் இதே செய்திதான். விண்டோஸில் சில நேரம் நீங்கள் எழுதவே எழுதாத 'வின்மெயின்' இல்லை என்று புகார் வரும், பதற வேண்டாம். லினக்ஸில் வர்க்கமூலம் போன்ற கணித ஃபங்ஷன்களைக் கூப்பிட்டுவிட்டு இந்தச் செய்தி வந்தால், கட்டளையின் கடைசியில் ஹைஃபன், சிறிய எழுத்து எல், எம் மூன்றையும் ஒட்டிச் சேர்க்க வேண்டும். ஹெடரைச் சேர்ப்பது அறிமுகம் மட்டும், ஆளைக் கூட்டிவருவது லிங்க்கர்.

"திருத்தியும் பழைய வெளியீடே வருகிறது" என்று ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். கம்பைல் தோற்றால் புதிய இயங்கு ஃபைல் உருவாகாது. நேற்று வெற்றி பெற்ற பழைய ஃபைல் அதே பெயரில் அங்கேயே உட்கார்ந்திருக்கும். நீங்கள் ஓட்டுவது நேற்றைய புரோகிராமை.

வகுப்பில் ஓடியது, வீட்டில் ஓடவில்லை

உங்கள் வீட்டுக் கம்பைலர் கெட்டுப்போகவில்லை. அந்த இரண்டாவது புரோகிராமில் கூட்டும் ஃபங்ஷனை மெயினுக்குக் கீழே எழுதி, மேலே அறிவிக்காமலேயே கூப்பிட்டிருக்கிறீர்கள். பழைய சி-யில் இது செல்லும். தெரியாத ஃபங்ஷன் வந்தால், அது முழு எண்ணைத் திருப்பித் தரும் என்று கம்பைலரே ஊகித்துக்கொள்ளும். 1999இல் வந்த சி தரநிலை இந்த ஊகத்தை நீக்கியது. ஆனாலும் பழைய புரோகிராம்கள் உடைந்துவிடுமே என்று ஜிசிசி கம்பைலர் வெறும் வார்னிங்கோடு விட்டுவைத்திருந்தது. 2024இல் வந்த ஜிசிசி 14 அதை எரர் ஆக்கியது. கிளாங் கம்பைலர் அதற்கு ஓராண்டு முன்பே, தன் 16ஆவது பதிப்பில் ஆக்கிவிட்டது. கால் நூற்றாண்டு அவகாசம் கொடுத்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினார்கள். வகுப்பில் இருப்பது சாத்துவதற்கு முந்தைய பதிப்பு, அவ்வளவுதான். மெயினுக்கு மேலே ஃபங்ஷனின் முதல் வரியை எழுதி செமிகோலன் போடுங்கள், இரண்டு இடத்திலும் ஓடும்.

உங்கள் ஃபங்ஷன் முழு எண்ணைத் தருவதால் அந்த ஊகம் பலித்தது. நாளைக்கு அதையே ஃப்ளோட்டாக மாற்றியிருந்தால் வகுப்பிலும் நின்றிருக்கும்.

குரைப்பவையும் கடிப்பவையும்

எரர் குரைக்கிற நாய். புரோகிராம் உருவாகவே இல்லை, ஆகவே யாருக்கும் ஒரு சேதமும் இல்லை. இப்போது நான் சொன்ன நான்கையும் சரிசெய்துவிட்டீர்கள் என்று வையுங்கள். சுத்தமாகக் கம்பைல் ஆகும். ஓட்டினால் பெரும்பாலும் முதல் மதிப்பெண்ணைத் தட்டி என்டர் அழுத்தியதும் சத்தமில்லாமல் விழுந்துவிடும்.

காரணம் பத்தாவது வரி. எண்ணை வாங்கும் ஃபங்ஷனான ஸ்கேன்எஃப்-இல் மதிப்பெண்ணுக்குரிய வேரியபிளுக்கு முன்னால் & குறி இல்லை. ஸ்கேன்எஃப் கேட்பது, வாங்கிய எண்ணை எங்கே வைக்க என்ற முகவரியை. நீங்கள் கொடுத்தது அங்கே ஏற்கெனவே இருந்த மதிப்பை. வீட்டு எண் கேட்டவரிடம் வீட்டில் இருப்பவரின் வயதைச் சொன்ன மாதிரி. அவரும் அந்த எண்ணுள்ள வீட்டைத் தேடிப் போய்க் கதவை உடைக்கிறார். இலக்கணப்படி இது சரியான வாக்கியம் என்பதால் கம்பைலர் எரர் சொல்லாது. வார்னிங் சொல்லும், '%டி-க்கு முகவரி வேண்டும், நீ கொடுத்தது வெறும் முழு எண்' என்ற பொருளில். அதுவும் பல கணினிகளில் கேட்டால்தான் சொல்லும். உங்கள் நண்பர் கண்டுகொள்ள வேண்டாம் என்றது இந்த வகைச் செய்தியைத்தான்.

டோட்டல் வேரியபிளுக்குத் தொடக்க மதிப்பு கொடுக்கவில்லை. சி அதைத் தானாகச் சுழியமாக்காது. அந்த இடத்தில் முன்பு என்ன குப்பை இருந்ததோ அதன் மேல்தான் கூட்டத் தொடங்கும். இதில் விஷமம் என்னவென்றால், பல நேரம் அந்தக் குப்பை சுழியமாகவே இருந்து தொலைக்கும். பத்து முறை சரியான விடை, பதினோராவது முறை கோடிக்கணக்கில் ஒரு கூட்டுத்தொகை.

லூப்பில் 'ஐந்தைவிடச் சிறியது அல்லது சமம்' என்று போட்டிருக்கிறீர்கள். சுழியத்திலிருந்து எண்ணினால் அது ஆறு சுற்று. ஆறாவது மதிப்பெண் கேட்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும். தெரியாதது, அந்த ஆறாவது எண் போய் உட்காரும் இடம். மதிப்பெண்களை வரிசையாக வைக்கும் அரேயில் ஐந்து அறைதான். அடுத்த அறை வேறொரு வேரியபிளுடையதாக இருக்கலாம்.

கடைசியாக 13ஆவது வரி, டோட்டலை 5 ஆல் வகுப்பது. இரண்டும் முழு எண் என்பதால் விடையும் முழு எண்ணாக வெட்டப்பட்டு, அதன் பிறகுதான் ஃப்ளோட்டில் வைக்கப்படும். இதற்கு வழக்கமான வார்னிங் எதுவும் கிடையாது. சி-யைப் பொறுத்தவரை நீங்கள் கேட்டதைத்தான் அது செய்தது. 5 என்பதை 5.0 என்று எழுதினால் போதும்.

டிரையல் பேலன்ஸ் பொருந்தியும் கணக்கு தப்பு என்றேனே, இதுதான் அது. இதற்கு எதிராக உங்களிடம் இருக்கும் முதல் ஆயுதம் வார்னிங். கம்பைல் கட்டளையில் ஒரு ஹைஃபன், பெரிய எழுத்து டபிள்யூ, ஒட்டினாற்போல் 'ஆல்' என்று சேருங்கள். பெயரில்தான் 'எல்லாம்', உண்மையில் எல்லா வார்னிங்கும் அதில் வராது. அதே முறையில் 'எக்ஸ்ட்ரா' என்று இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவை & விட்டதைப் பிடிக்கும், தொடக்க மதிப்பு விட்டதைச் சில நேரம் பிடிக்கும். அரேயைத் தாண்டுவதைப் பிடிக்க அட்ரஸ் சானிட்டைசர் என்று ஒரு வசதி ஜிசிசி, கிளாங் இரண்டிலும் உண்டு. அடுத்த மாதம் பழகுங்கள், இப்போதே வேண்டாம்.

நீங்கள் கேட்ட மூன்று வழிகள்

பழைய கம்பைலருக்குப் போவது பற்றி: கூடாது என்பது என் கருத்து. டர்போ சி போன்ற டாஸ் காலத்துக் கம்பைலர்களில் திரையைத் துடைக்க கிளியர்ஸ்கிரீன், நிறுத்திவைக்க கெட்ச் என்று பழகிவிட்டால், அவை தரநிலை சி-யில் இல்லாதவை என்று பிறகு தெரிந்து இன்னொரு முறை நொந்துபோவீர்கள். எரர் குறைவது தவறு குறைவதால் அல்ல, பார்ப்பவர் கண்ணை மூடிக்கொள்வதால்.

பைத்தான் நல்ல மொழி. உங்கள் நோக்கம் கணக்கு வேலையைத் தானியக்கமாக்குவது என்றால் சி-யைவிட அதுதான் பொருத்தம், கூச்சப்படாமல் மாறுங்கள். ஆனால் எரருக்குப் பயந்து மாறாதீர்கள். அங்கே 'டோட்டல்' எழுத்துப்பிழை அந்த வரி ஓடும் கணத்தில்தான் தெரியும். அபூர்வமாக ஓடும் வரி என்றால் பல மாதம் கழித்துத் தெரியும். கம்பைலர் முன்கூட்டியே சொல்வதை இழக்கிறீர்கள்.

ஏஐ உதவியாளர் விஷயத்தில் நான் கண்டிப்பானவன் அல்ல. எரர் செய்தியை மட்டும் கொடுத்து, "இதன் பொருள் என்ன, எங்கே பார்க்க வேண்டும்" என்று கேளுங்கள். முழுப் புரோகிராமையும் கொடுத்துத் திருத்தச் சொன்னால் எட்டுத் தவறையும் ஒரே மூச்சில் திருத்தித் தரும், கூடவே நீங்கள் கேட்காத மாற்றங்களையும் செய்யும், உங்களிடம் மிஞ்சுவது புரியாத 20 வரி. வகுப்பில் மதிப்பெண்ணுக்குரிய பயிற்சி என்றால் எந்த அளவு உதவி வாங்கலாம் என்று பயிற்றுநரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கேட்காமல் விட்டால், பிற்பாடு நகல் என்று யாராவது சொல்லும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

எட்டையும் வரிசையாகத் திருத்துங்கள், ஒரு திருத்தத்துக்கு ஒரு கம்பைல். பிறகு 70, 75, 80, 72, 75 என்று கொடுத்துப் பாருங்கள். கூட்டுத்தொகை 372. திரையில் 74.000000 என்று வந்தால் 13ஆவது வரிக்குத் திரும்பிப் போங்கள். 74.400002 என்று வந்தால் முடிந்தது. கடைசியில் நிற்கும் அந்த 2 உங்கள் தவறு அல்ல. இரும எண்முறையில் 74.4ஐத் துல்லியமாக எழுத முடியாது, ஃப்ளோட்டுக்கு எட்டியது அவ்வளவுதான்.